கத்திரி வெயிலில் வீட்டோடு ஒரு வாரம்: கேட்டவர்களுக்குப் பதில்

வேலூரில் 30 கோடை பார்த்தவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். கேலி சரிதான், அதனால்தான் மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் அந்த 25 நாளும் வீட்டுக்குள் எப்படி இருப்பது என்பதை நாங்கள் கொஞ்சம் கூடுதலாகவே கற்றுவைத்திருக்கிறோம்.

குரோம்பேட்டையிலிருந்து: அக்கா, ஆசையாக மண்பானை வாங்கினேன், தண்ணீர் குளிரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பானைக்கு வெளியே பெயிண்ட், பளபளப்பு ஏதாவது பூசியிருக்கிறதா பாருங்கள். பூசியிருந்தால் அது அலங்காரப் பொருள், பூந்தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பானையின் வேலையே கசிவதுதான். நுண்ணிய துளை வழியாக வெளியே வந்த தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், பத்து லிட்டரில் 100 மில்லி ஆவியானாலே மீதித் தண்ணீர் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். வெளிச்சூடு உள்ளே ஏறுவதால் முழுசாக அப்படி இறங்காது, ஆனாலும் நாக்குக்குத் தெரியும். அப்புறம் நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம், காற்றிலேயே ஈரம் நிறைய, ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். எங்கள் ஊர் வறண்ட காற்றில் கிடைக்கும் குளிர்ச்சியை அங்கே எதிர்பார்க்காதீர்கள். பானையைச் சமையலறை மூலையில் ஒளித்து வைக்காமல் வெயில் படாத, காற்று ஓடும் ஜன்னலோரம் ஈர மணல்மேல் வையுங்கள். புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டபிறகு பயன்படுத்துங்கள். கழுவ தேங்காய் நார் போதும், சோப்பு கூடவே கூடாது, மண் அதையும் குடித்துவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் துளை அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து போட்டால் குளிர்ச்சி அதிகமாகிவிடாது, ஆனால் வாசனைக்காகவே இன்னொரு டம்ளர் குடிப்பீர்கள்.

ஆம்பூரிலிருந்து: மொட்டை மாடியில் படுக்கலாமென்று மாலை நாலு மணிக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஆவி பறந்தது, ராத்திரி தரை மறுபடியும் சுட்டது. எங்கே தப்பு?

நேரத்தில். நாலு மணிக்கு ஊற்றினால் மிச்சமிருக்கும் வெயில் உங்கள் உழைப்பைத் தின்றுவிட்டுத் தரையை மறுபடி சூடாக்கும். கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும், ஒரு தடவை நனைத்தால் அடங்காது. சூரியன் இறங்கியபின் ஆறு, ஆறரைக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு இன்னொரு தடவை, இரண்டிரண்டு பக்கெட். குடிதண்ணீரைக் கொட்ட மனசு வராதவர்கள் என் மாதிரி ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். பத்து மணிக்குக் கோரைப்பாய் விரியுங்கள், பஞ்சு மெத்தை வேண்டாம், அது உடம்புச் சூட்டைத் திருப்பி உடம்புக்கே கொடுக்கும். பத்தமடைப் பட்டுப்பாய் வேண்டியதில்லை, சாதாரணப் பாய் போதும். விடியற்காலை நாலு மணிக்கு எங்கிருந்தோ ஒரு காற்று வரும், காலடியில் கிடக்கும் போர்வையைத் தேடி இழுத்துக்கொள்வோம். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் கொசுவலை கட்டி, தலையணை தூக்கி, இத்தனை ஏற்பாடும்.

தனியாக இருக்கும் பையன், சென்னை: மேல்மாடி வாடகை அறை, வீட்டிலிருந்தே வேலை. ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது.

தம்பி, மேலே சூடான கூரை இருக்கும்போது ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். காலை ஒன்பது மணிக்கே ஜன்னலை மூடித் திரை போட்டுவிடுங்கள். மாலை வெளியே சூடு குறைந்ததும் எல்லாவற்றையும் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டை அது வெளியே தள்ளும், எதிர் ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். வீட்டுக்காரர் அனுமதித்தால் கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், செலவு குறைவு, வித்தியாசம் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பழைய சோறு. சமைக்கத் தெரியாத பையனுக்கு இதைவிட வசதி கிடையாது. ராத்திரி மிஞ்சிய புழுங்கலரிசிச் சோறு நன்றாக ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள், காலையில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டுக் கையால் பிசைய வேண்டும், கரண்டி கூடாது. கடிக்கச் சின்ன வெங்காயம், இருந்தால் மோர் மிளகாய். லேசான புளிப்பு இருக்கலாம், அழுகல் வாடையோ கொழகொழப்போ வந்தால் கொட்டிவிடுங்கள். இந்த வெயிலில் மதியம்வரை வைத்திருக்க வேண்டாம்.

திருச்சியிலிருந்து: கூழ் வடகம் போட்டால் துணியோடு ஒட்டிக்கொள்கிறது, உப்பும் கரிக்கிறது.

காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. கூழில் சுவைக்கும்போது உப்பு ஒரு மாற்று குறைவாகத்தான் தெரிய வேண்டும். ஒரு டம்ளர் பச்சரிசி மாவுக்கு ஐந்தாறு டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி ஊறிய ஜவ்வரிசி, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்துக் காலை ஏழரைக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். உரிக்கும்போது துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் தானாகக் கழன்றுவிடும். இரண்டு மூன்று நாள் காய்ந்து, ஒடித்தால் சட்டென்று உடைய வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வடகத்தின் சுகம் பொரித்துச் சாப்பிடுவதில் பாதிதான். முதல் நாள் மதியம் மேலே காய்ந்து உள்ளே கூழாக இருக்கும்போது ஒன்றை உரித்து வாயில் போட்டுப் பாருங்கள். காக்கா காவலுக்கு எங்களை உட்கார வைத்தபோது காக்காய் தின்றது குறைவு. அம்மாவுக்குத் தெரியும், கணக்குப் போட்டே கூடுதலாக ஒரு வரிசை பிழிவாள்.

நுங்கு பார்த்து வாங்குவது எப்படி? ஒரு தடவை கல் மாதிரி இருந்தது.

முற்றிவிட்டது. விரலால் அழுத்தினால் உள்வாங்கித் திரும்ப வேண்டும், தோல் லேசாக இருக்க வேண்டும். கண்ணெதிரே சீவச் சொல்லுங்கள். இளசாக இருந்தால் தோலோடே சாப்பிடலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும். மட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு மட்டையையும் ஒரு குச்சியையும் வைத்துப் பிள்ளைகளுக்கு வண்டி செய்து கொடுக்கலாம்.

பதநீர் சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்களே?

யார் சொன்னது? அதைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள், நீர்மோர் இருக்கவே இருக்கிறது. ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம்.

மதுரையிலிருந்து: பிள்ளைகள் பகல் முழுக்க போன்தான். என்ன செய்ய?

பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரைதான் உங்கள் பிரச்சினை. சிமெண்டுத் தரையைத் துடைத்துவிட்டு வெறும் தரையில் படுக்க விடுங்கள், பல்லாங்குழியை இறக்குங்கள். கட்டை இல்லாவிட்டால் சாக்பீஸால் 14 வட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்தால் போதும். உங்கள் ஊரில் இப்போது மல்லிகைக் காலம், பூ விலை இறங்கியிருக்கும். மொட்டாக வாங்கிக் கட்டச் சொல்லிக் கொடுங்கள், பையன்களுக்கும்தான். மாலையில் அது மலரும்போது வீடு முழுக்க மணக்கும், தாங்கள் கட்டியது என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள்.

மாமியாருக்கு 74 வயது. தாகமே இல்லை என்று தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார்.

வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, அவர் பொய் சொல்லவில்லை. கேட்காமல் மணிக்கொரு தடவை அரை டம்ளர் கையில் கொடுங்கள். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ கைவைத்தியம் பார்க்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

கடைசிக் கேள்வி அத்தை, கோபப்படக் கூடாது. உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா?

இருக்கிறது. போன வருஷம் மகன் மாட்டிக் கொடுத்தான். மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை ஓடும், அதற்குள்ளே படுத்துக்கொண்டுதான் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் எழுதினேன். ராத்திரிக்கு மட்டும் என்னால் முடியவில்லை, அந்த நாலு மணிக் காற்று அறைக்குள் வராது. சரி, மணி ஆறேகால், முதல் பக்கெட்டைத் தூக்க வேண்டும்.