தோப்பும் மண்ணும் செயற்கைக்கோள் படத்தில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் படத்தை வைத்து தோப்பில் எத்தனை மரம் என்று எண்ண முடியுமா?

முடியாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு சிறு கட்டம், தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட மாந்தோப்பு என்றால் கணக்குக்குப் பிக்சலுக்கு ஒரு மரம் வரும்தான், ஆனால் மரம் கட்டம் பார்த்து வளர்வதில்லையே, நாலு பிக்சலில் கால் கால் பங்காகக் கிடக்கும். அடர்நடவில் ஐந்துக்கு ஐந்து என்றால் ஒரே பிக்சலில் நாலு மரம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளில் பிக்சல் 30 மீட்டர், அதைக் கேட்கவே வேண்டாம். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் பிக்சல் ஒரு மீட்டருக்கும் கீழே இருக்கும் படமோ ட்ரோனோ வேண்டும். தோப்பின் எல்லை தெரிந்தால் போதும் என்பவருக்குச் சென்டினலே தாராளம்.

கேள்வி: மாந்தோப்பும் பக்கத்து வயலும் ஒரே பச்சையாகத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

ஒரே ஒரு நாள் படத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வருடம் முழுக்க உள்ள படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வயல் பச்சையாகி, அறுப்பு முடிந்ததும் வெறும் மண்ணாகும். மாவும் கொய்யாவும் வறண்ட மாதத்திலும் பச்சையாகவே நிற்கும். அந்த வறண்ட மாதப் படம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் ஆப்பிள் குளிரில் இலையை உதிர்க்கும், மாதுளைக்குத் தண்ணீரை நிறுத்தி விவசாயியே இலையை உதிர்க்க வைப்பார், அது படத்தில் அறுவடை மாதிரியே இருக்கும். இளங்கன்றுத் தோப்பு இன்னும் மோசம், முதல் சில வருடங்கள் படம் காட்டும் பச்சையில் பெரும்பகுதி ஊடுபயிருடையது, இல்லையென்றால் களையுடையது. நானே ஒருமுறை மா என்று அடித்துச் சொல்லி வண்ணம் தீட்டிய இடத்துக்கு நேரில் போய் நின்றால், தலைக்கு மேலே முந்திரி தொங்குகிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று சமாளித்தேன்.

கேள்வி: 2022 ஜனவரி கடைசியிலிருந்து என் தோப்பின் என்டிவிஐ (படத்திலிருந்து கணக்கிடும் பசுமை அளவு) திடீரென்று விழுந்துவிட்டது. மரங்களோ நன்றாக இருக்கின்றன. நோயா?

மருந்து எதுவும் அடித்துவிடாதீர்கள்! 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டித்தான் சேமிக்கிறார்கள், கணக்குப் போடும் முன் அதை நாம் கழிக்க வேண்டும். இலை திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு, சிவப்பு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ. அகச்சிவப்பு 3500, சிவப்பு 500 என்று வையுங்கள். வித்தியாசம் 3000, கூட்டல் 4000, என்டிவிஐ 0.75. கழிக்காமல் விட்டால் எண்கள் 4500, 1500. வித்தியாசம் அதே 3000, கூட்டல் மட்டும் 6000 ஆகி 0.5க்கு இறங்கிவிடும். செழித்த தோப்பு காகிதத்தில் வாடிவிட்டது, அவ்வளவுதான். படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்பவர்கள் ‘ஹார்மனைஸ்டு’ என்று பெயரில் இருக்கும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: எது தோப்பு, எது வயல் என்று கணினியைப் பிரிக்க வைத்தேன். அது 97 சதவீதத் துல்லியம் என்கிறது, களத்தில் பாதிகூடச் சரியில்லை. ஏன்?

ஒரே தோப்பிலிருந்து நூறு பிக்சல் எடுத்து, எழுபதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் முப்பதைச் சோதிக்கவும் வைத்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசல், வினாத்தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதைதான். முழுத் தோப்பு முழுத் தோப்பாகப் பிரியுங்கள். கற்றுக்கொடுத்த தோப்பின் ஒரு பிக்சல்கூடச் சோதனையில் வரக்கூடாது. மதிப்பெண் சட்டென்று இறங்கும், மனசு கஷ்டப்படும், ஆனால் அதுதான் உண்மையான மதிப்பெண்.

கேள்வி: மண் பழமரத்துக்கு ஏற்றதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லலாமா? என் வரைபடத்தில் முக்கால்வாசி நிலம் ‘மிகவும் ஏற்றது’ என்றே வருகிறது.

அப்படி வந்தாலே சந்தேகப்பட வேண்டும். சாதாரணப் படம் பார்ப்பது மண்ணின் மேல்தோலை மட்டும், மரத்தின் வேரோ ஒரு மீட்டருக்கும் கீழே போகிறது. நடுவில் பாறையோ சுண்ணாம்புப் படிவமோ தண்ணீர் தேங்கும் களியோ இருந்தால் மேலே இருந்து பார்ப்பவருக்கு எங்கே தெரியும்?

இரண்டாவது சிக்கல் கூட்டல் முறை. சரிவுக்கு இத்தனை, மழைக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டியிருப்பீர்கள். மற்றதெல்லாம் நன்றாக இருந்து மண் ஆழம் மட்டும் 40 சென்டிமீட்டர் என்றால்கூட நூற்றுக்கு எண்பது வந்துவிடும், மரத்துக்கு அந்த எண்பது புரியாது. 1976இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கொடுத்த நில மதிப்பீட்டுச் சட்டகத்தின் எஸ்1 (மிகவும் ஏற்றது), எஸ்2, எஸ்3, என் (ஏற்றதல்ல) என்ற வகுப்புகளைப் போடும்போது, எது மிக மோசமோ அதையே முடிவாக வையுங்கள். அப்புறம், உலகளாவிய மண் தரவான சாயில்கிரிட்ஸின் ஒரு பிக்சல் 250 மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர். அதை வைத்து இரண்டு ஏக்கருக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படம் வேறு விதத்தில் உதவும். உழுது போட்ட நாளின் படத்தில் மண் நிறம் எங்கெங்கே மாறுகிறது என்று பார்த்து, நிறத்துக்கு ஒரு குழி, ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டுங்கள். வெள்ளையாகத் தெரிவது உவரா, காய்ந்த மணலா, சுண்ணாம்பா என்பது படத்தில் பிடிபடாது. குழிச் சுவரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்பு இருக்கும் இடம் நுரைக்கும். நன்றாகப் பொங்கினால் எலுமிச்சை, ஆரஞ்சு வேண்டாம்; இரும்புச்சத்து கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகும்.

கேள்வி: அளந்த பரப்பும் படத்தின் பரப்பும் ஒத்துப்போகவில்லையே?

இணைய வரைபடங்கள் உருண்டை பூமியைத் தட்டையாக்கப் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டர் முறையில் கணக்குப் போட்டிருப்பீர்கள். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அது பரப்பை ஊதிக் காட்டும், 60 பாகை அட்சரேகையில் நாலு மடங்கு. பூமியைக் குறுகிய பட்டைகளாகப் பிரித்து வரையும் யுடிஎம் முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.