'வில்லங்கம் இல்லை' என்று வந்தால் நிம்மதியா?

கேள்வி: ஒரு மனை வாங்கப் போகிறேன். விற்பவர் அதை 2009-இல் கிரயம் பெற்றதாகப் பத்திரம் காட்டுகிறார். 2000 முதல் இன்றுவரை ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பார்த்ததில் 'வில்லங்கம் ஏதும் இல்லை' என்று வந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய 2009 பத்திரமே அந்தச் சான்றிதழில் ஒரு வரியாக வந்திருக்க வேண்டும். வராததுதான் சிக்கல்.

பேச்சு வழக்கில் வில்லங்கம் என்றால் வம்பு. 'வில்லங்கமான ஆள்' என்றாலே ஒதுங்கிப் போவோம். பதிவுத்துறையில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு கெட்ட பெயர் இல்லை. கிரயமோ, தானசெட்டில்மெண்டோ, பாகப்பிரிவினையோ, அடமானமோ, ஏன், அடமானம் தீர்ந்த ரசீதோ, அந்தச் சொத்தின் பேரில் பதிவான ஆவணம் எல்லாமே ஈ.சி.யில் ஏறும். ஆகவே பத்து வரி இருந்தால் பயப்படவும் வேண்டாம், ஒன்றுமே இல்லையென்றால் மகிழவும் வேண்டாம். பதிவு இருந்தால் சான்றிதழ் படிவம் 15-இல் வரும், இல்லையென்றால் படிவம் 16-இல், அவ்வளவுதான்.

கிரயப் பத்திரத்தில் 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று எழுதுவது வேறு. அங்கே கடன், ஜப்தி, வழக்கு, பிறர் பாத்தியதை எல்லாம் அடக்கம். ஆனால் அது விற்பவர் தரும் உறுதி. சார்பதிவாளர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை.

உங்கள் ஈ.சி. காலியாக வந்ததற்குப் பெரும்பாலும் தேடிய விதமே காரணமாக இருக்கும். சர்வே எண் 45/2 என்று இருந்த நிலம் பின்னால் 45/2ஏ, 45/2பி என்று உட்பிரிவாகியிருக்கலாம். 2009 பத்திரம் 45/2 என்று எழுதப்பட்டிருக்க, நீங்கள் 45/2பி-யை மட்டும் கொடுத்தால் எதுவும் சிக்காது. பழைய, புதிய எண்கள் இரண்டையும் போடுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் மாறிய எண்களுக்கும் இதே கதைதான். கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால், முந்தைய காலத்துக்குப் பழைய அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தும் தேடிப் பாருங்கள்.

அதன்பின் பத்திரத்தின் ஆவண எண்ணையும் ஆண்டையும் வைத்துத் தனியாகத் தேடுங்கள். அதிலும் வராவிட்டால் அந்த எண்ணுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுச் செய்து, கையிலுள்ள பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நகல் கிடைக்காவிட்டாலோ, வேறு சொத்தின் நகல் வந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சரியாகப் போட்ட ஈ.சி.யும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. உயில் பதிவானாலும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் 3-ஆம் புத்தகத்தில்தான் ஏறும், ஈ.சி. பார்ப்பது 1-ஆம் புத்தகத்தை. பதிவு செய்யாமல் அசல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய கடன், வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்தவரின் வாரிசுகளுக்குச் சேர்ந்த பங்கு எதுவும் தெரியாது. புறம்போக்கு நிலத்துக்கும் 'வில்லங்கம் இல்லை' என்று வரும், யாரும் அதைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள் என்பதால். அதற்கு வருவாய்த்துறை ஆவணங்களான பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூன்றையும் பார்க்க வேண்டும். அசல் தாய்ப்பத்திரத்தை (சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரத்தை) கண்ணால் பார்க்காமல் ஜெராக்ஸை நம்பாதீர்கள். அசல் அடமானத்தில் இருக்கலாம்.

தேடலை 30 ஆண்டுக்கு நீட்டுங்கள். கிரயம் பதியும் அன்று காலையில் மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்த நாளுக்கும் அதற்கும் இடையில் விற்பவர் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அப்போதுதான் தெரியும்.