கத்திரிப் பாத்தியில் பேர் தெரியாத மூன்று செடிகள்

கேள்வி: பெரியபட்டினம் பக்கம், கடலோரத்தில் வீடு. கொல்லையில் கத்திரிப் பாத்திக்குள் மூன்று செடிகள் தானாக முளைத்துப் படர்கின்றன. ஒன்று சிவந்த தண்டு, தடித்த நீள இலை, சின்ன ரோஸ் பூ. இன்னொன்று பருப்புக்கீரை மாதிரி. மூன்றாவது மஞ்சள் பூ, முள்ளுக்காய். பக்கத்து வீட்டு அக்கா எல்லாமே கீரைதான், சமை என்கிறார். உரக்கடையில் களைக்கொல்லியும் ஒரு மூட்டை ஜிப்சமும் கொடுத்தார்கள். கத்திரி இலை ஓரம் வேறு கருகுகிறது. கார்த்திகையில் புது போர் போட்டதிலிருந்து தண்ணீருக்குக் குறையில்லை.

பதில்: மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். ஒரு கொப்பை ஒடித்துத் தண்ணீரில் கலக்குங்கள். வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று ஆனால் அது யானை நெருஞ்சில். காய் முற்றுவதற்குள் பிடுங்குங்கள். இரண்டாவதில் எதிரெதிர் இலைகளைப் பாருங்கள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, பூ இலைக்காம்படியில் ஒளிந்திருந்தால் அது சாரணை. மஞ்சள் பூவாக நுனியில் பூத்தால் பருப்புக்கீரை. இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும்வரை எதையும் சட்டியில் போட வேண்டாம், அக்கா கோபித்துக்கொண்டாலும் சரி.

எனக்குக் கவலை முதல் செடிதான். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்கிறதா? இலையைக் கடித்தால் உப்புக் கரிக்கிறதா? அப்படியானால் அது செசுவியம். உப்பங்கழி ஓரத்தில் உமரியோடு சேர்ந்து கிடக்கிற சாதி. அதற்குக் கத்திரிப் பாத்தியில் என்ன வேலை? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது.

நம் கடற்கரையில் மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். அதனால்தான் பெரியவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடித்தார்கள். ஆழமாகப் போர் இறக்கி மோட்டாரைத் தட்டினால் அடித்தண்ணீர் மேலே ஏறிவிடும். கருகுகிற இலை ஓரம் அந்த உப்புதான் என்று நினைக்கிறேன். செடியைக் கொன்றால் உப்பு போய்விடுமா? அது காசு வாங்காமல் மண்ணைச் சோதித்துச் சொல்லியிருக்கிறது. நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பயிரைப் பார்ப்பதற்கு முன் களையைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் அந்த ஜிப்சம். களர் வேறு, உவர் வேறு. பிஎச் (மண்ணின் கார அளவு) 8.5-க்கு மேல் போய், சோடியம் பிடித்து மண் இறுகிக் கிடப்பது களர். அதற்குத்தான் ஜிப்சம். உங்களுடையது உவர், அதாவது வெறும் உப்பு ஏறிய மண் என்றால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே கழுவித்தான் இறக்க வேண்டும். ஜிப்சமும் ஒரு உப்புதானே! இந்த வித்தியாசம் தெரியாமலே மூட்டை விற்கிற கடைகள் நம் மாவட்டத்தில் நிறைய. பாத்தியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் களைக்கொல்லி கொடுத்ததற்கு நான் வேறு பெயர் வைப்பேன். காற்றடிக்கிற கொல்லையில் அந்தச் சாரல் முதலில் கத்திரியைத்தான் கருக்கும்.

போர்த் தண்ணீர் ஒரு பாட்டில், பழைய கிணறு இருந்தால் அதில் ஒரு பாட்டில், பாத்தி மண் ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். மண்ணின் இ.சி. (உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் அளவு) 4-ஐத் தாண்டினால் இந்தப் பட்டம் கத்திரியை மறந்துவிடுங்கள். சோதனை முடிவு வரும்வரை போர்த் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பாமல், பழைய கிணறு இருந்தால் அதில் வாளியால் இறைத்து ஊற்றுங்கள். ஜிப்சம் மூட்டையைப் பிரிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள்.