மாதிரித் தேர்வுகளுக்கு நடுவே படிப்பு எங்கே போனது?

வணக்கம் அம்மா. பொதுத்தேர்வு ஆண்டு தொடங்கியதிலிருந்து மகளின் வகுப்பில் பழைய வினாத்தாள்களைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை, எழுதியதெல்லாம் மறுமாதமே மறந்துபோகிறது என்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

ஆனால் ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. தேர்வு எதைக் கேட்கிறதோ, வகுப்பு அந்தப் பக்கம்தான் சாயும். மொழித்தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லையென்றால் வகுப்பில் யாரும் பேசிப் பழகுவதில்லை. செய்முறைக்கு மதிப்பெண் குறைந்தால் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது. மதிப்பெண்ணை வைத்தே ஆசிரியரையும் எடைபோடும் இடங்களில் இந்தச் சாய்வு இன்னும் கூடும். ஒரு எண்ணை நம்பி முடிவுகள் எடுக்க எடுக்க, அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று உளவியலாளர் டொனால்டு கேம்பெல் 1970-களிலேயே எச்சரித்தார்.

அதற்காகத் தேர்வையே வெறுத்துவிடாதீர்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப்பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்களுக்கு 83 சதவீதமும் எழுதிப்பார்த்தவர்களுக்கு 71 சதவீதமும் நினைவிருந்தது. ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61.

உங்கள் மகளுக்கும் இதைத்தான் சொல்வேன். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதட்டும். அப்புறம் திறந்து, விட்டதைப் பார்க்கட்டும். சில நாள் கழித்து மறுபடியும். மதிப்பெண் போடவே வேண்டாம். மதிப்பெண் வந்தவுடன் பிள்ளைகள் தவறைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். வினாத்தாளில் இல்லாத ஒரு 'ஏன்' கேள்வியை அவளே உருவாக்கினால் இன்னும் நல்லது. மாதிரி விடையை மனப்பாடம் செய்தவளால் அது முடியாது, பாடம் புரிந்தவளால் முடியும்.

மேற்படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் என்பதைவிட, எந்தப் பாடத்தைத் தேர்வு முடிந்த பிறகும் அவளால் உங்களுக்கு விளக்க முடிகிறது என்று கவனியுங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம், திருத்திய விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.