அலாரம் பொருத்தியபின் பேட்டரி இறங்குகிறது

பைக்கில் அலாரம் பொருத்தியபின் ஐந்து நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை, நள்ளிரவில் அலாரம் தானாக அலறுகிறது, ரிமோட்டை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள், குறை அதில் இல்லை. இரண்டு தொல்லைக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அலாரம் பெட்டி பேட்டரியை ஓயாமல் உறிஞ்சுகிறது. மின்னழுத்தம் தாழ்ந்தால் சில அலாரங்கள் அதையே திருட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

20 மில்லிஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு அரை ஆம்பியர்-மணி போய்விடும். உங்கள் 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தாம் நாளில் பாதிக்குமேல் காலி.

சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். இணைத்ததும் சைரன் கத்தலாம், பதற வேண்டாம். ரிமோட்டில் பூட்டி இரண்டு நிமிடம் பொறுத்து, மில்லிஆம்பியர் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். ஒற்றை இலக்கம் என்றால் கவலையில்லை. இருபதைத் தாண்டினால் அலாரத்தின் ஃபியூஸை உருவுங்கள். எண் சட்டென்று விழுந்தால் கசிவு அங்கேதான்.

மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃபைத் தொடவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அலாரம் வயர்களை நீங்களே வெட்டவும் வேண்டாம். இக்னிஷனோடு கோத்திருந்தால் வண்டி கிளம்பாது. ஃபியூஸை உருவியும் பேட்டரி இறங்கினால், பேட்டரிக்கே வயதாகிவிட்டதா என்று கடையில் லோடு வைத்துச் சோதியுங்கள்.