பிரின்டருக்கு மூளை எங்கே இருக்கிறது?

கேள்வி: கொடுங்கையூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எச்பி லேசர்ஜெட் பி1007 பிரின்டர் வைத்திருக்கிறேன். வினாத்தாள்கள் அதில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. போன வாரம் கணினியில் இருக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மறுநாள் மின்வெட்டு. அதிலிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. போர்டு போய்விட்டது என்கிறார் பழுது பார்ப்பவர். விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த போர்டைக் கழற்ற விடாதீர்கள். மின்வெட்டின் மேல் பழி போடுவது நம் பகுதியில் எல்லோருக்கும் வசதி. இங்கே அது செய்ததெல்லாம் முன்தினமே நடந்துவிட்டதைக் காட்டிக்கொடுத்ததுதான்.

இந்த வகை மலிவு பிரின்டர்களுக்குள் நிரந்தரமான ஃபர்ம்வேர், அதாவது பிரின்டரை இயக்கும் மென்பொருள், கிடையாது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினிதான் அதை யுஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றிவிட வேண்டும். மின்சாரம் போனால் ஏற்றியது அழிந்துவிடும். மறுபடி ஏறாவிட்டால் விளக்கு எரியும், அச்சு மட்டும் வராது. லினக்ஸில் ஏற்றும் வேலையைச் செய்வது எச்பிலிப் என்ற தொகுப்பு. அது திறந்த மூலம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஃபர்ம்வேரைச் சுமந்து வரும் பிளக்இன் என்ற துணை மென்பொருள் எச்பியின் மூடிய சரக்கு. ஆகவே மின்ட்டோடு சேர்ந்து வராது, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். எச்பிலிப்பின் பதிப்பெண்ணும் பிளக்இன்னின் பதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். மின்ட்டை மாற்றியபோது எச்பிலிப் புதியதாகிவிட்டது, பிளக்இன் பழையதாகவே நின்றுவிட்டது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இதற்குத்தான் பொருந்துகின்றன.

இணைய இணைப்பு இருக்கும்போது டெர்மினலை (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்து, எச்பி, ஒரு சிறுகோடு, பிளக்இன் என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியில்லாமல் அடியுங்கள். உரிமத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும், கடவுச்சொல் கேட்கும். சரியான பதிப்பை அதுவே இறக்கிக்கொள்ளும். பிறகு பிரின்டரை அணைத்துப் போடுங்கள்.

போடுவதற்கு முன் ஒரு காரியம். உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று கொடுத்தால் கப்ஸ் பக்கம் திறக்கும். லினக்ஸில் அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்புவது இந்தக் கப்ஸ்தான். வராத கோபத்தில் நீங்கள் அழுத்திய அத்தனை 'பிரின்ட்'டும் அங்கே காத்துக்கொண்டிருக்கும். அவற்றை ரத்து செய்யாமல் பிரின்டரை உயிர்ப்பித்தால் ஒரே வினாத்தாள் டோனர் தீரும்வரை வரும். பிரின்டர் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் காட்டினால் 'ரெஸ்யூம் பிரின்டர்' கொடுங்கள்.

ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற மாற்று டிரைவரையும் (பிரின்டரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) கூடவே போடச் சொல்லி யாராவது வருவார்கள். இரண்டில் ஒன்று போதும். இரண்டும் இருந்தால் ஒரே பிரின்டருக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள். மின்வெட்டுக்குப் பயந்து கணினியின் சின்ன யுபிஎஸ்ஸில் பிரின்டரைச் சொருகவும் வேண்டாம். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

விண்டோஸா? அது உங்கள் விருப்பம். இந்தக் கோளாறுக்காக வேண்டாம்.

கேள்வி: காசிமேட்டில் ஜெராக்ஸ் கடை. உபுண்டு லினக்ஸில் பிரின்ட் கொடுத்தால் விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் வருகிறது, ஆனால் பக்கத்தின் கடைசி வரிகள் இல்லை. தாளும் சுருண்டுகொள்கிறது.

பதில்: தட்டில் ஏ4 இருக்கிறது, கணினி அமெரிக்க லெட்டர் தாளைக் கேட்கிறது. லெட்டர் 279 மி.மீ. உயரம், ஏ4 297 மி.மீ. காணாமல் போன வரிகள் அந்த 18 மில்லிமீட்டரில்தான் இருந்தன. கப்ஸ் பக்கத்தில் உங்கள் பிரின்டரைத் தேர்ந்து, 'செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்' சென்று தாள் அளவை ஏ4 ஆக்குங்கள். ஆவணம் தட்டச்சு செய்யும் லிப்ரெஆபீஸில் பக்க அளவு தனி, அதையும் பாருங்கள்.

சுருளுவதற்கு லினக்ஸ் பொறுப்பல்ல. கடல் காற்றில் ஈரம் குடித்த தாள் ஃப்யூசரின் சூட்டில் வளைகிறது. ரீமைப் பிரித்துத் திறந்தபடி போடாமல், மீதியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். தட்டில் கட்டைத் திருப்பி வைத்தாலும் ஓரளவு அடங்கும்.

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய லேசர் பிரின்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். லினக்ஸுக்கு எது ஒத்துவரும்? (வியாசர்பாடி மாணவர்)

பதில்: தம்பி, விலையைக் கேட்பதற்கு முன் பிரின்டருக்குப் பொதுவான அச்சு மொழி ஏதாவது தெரியுமா என்று பாருங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் தெரிந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆப்பிளின் ஏர்பிரின்ட் குறி இருந்தால் பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது. பிரதர் கறுப்பு வெள்ளை மாதிரிகள் பலவற்றுக்கு பிஆர்லேசர் என்ற திறந்த மூல டிரைவர் இருக்கிறது. கடைகளில் அதிகம் கண்ணில் படும் கேனான் எல்பிபி2900, கேப்ட் என்ற தன் சொந்த மொழி ஒன்றுதான் பேசும். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் உண்டு. புதிதாக வாங்குகிற உங்களுக்கு அந்தப் பாடு எதற்கு?

லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் மடிக்கணினியையும் எடுத்துப் போய், கடையிலேயே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் காசைக் கொடுக்காதீர்கள்.