வலி போனதும் மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "அம்மாவுக்கு 54 வயது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடக்க வராது. முடக்குவாதம் என்று வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் வலி போய்விட்டது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தாமே, நிறுத்திவிடலாமா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி போனாலும் மூட்டுக்குள் கூடிய எதிர்ப்புச் செல்களின் கூட்டம் முழுசாகக் கலைந்திருக்காது.

மூட்டுக்குள் இருக்கும் சவ்வின் மேலடுக்கு சாதாரணமாக ஒன்றிரண்டு செல் தடிமன்தான். இந்த நோயில் அது பல மடங்கு தடிக்கும். வீங்கிய விரல் முட்டியை அழுத்தினால் எலும்பு மாதிரி கெட்டியாக இல்லாமல் மெத்தென்று இருந்திருக்குமே, அதுதான் இது. அங்கே டி செல் என்ற வெள்ளணு, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லை உசுப்பிவிடும், மேக்ரோபேஜ் டிஎன்எஃப், ஐஎல்-6 என்று ரசாயனங்களைச் சுரக்கும், அதில் ரத்தக்குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகி, வழியே போய்க்கொண்டிருந்த வெள்ளணுக்களையும் பிடித்து உள்ளே இழுத்துவிடும். டி செல் துணையோடு பி செல் என்ற இன்னொரு வெள்ளணு தயாரிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம், மறுபடி மேக்ரோபேஜையே கிளப்பும். அப்புறம் சவ்வின் சொந்த செல்களும் சேர்ந்துகொண்டு குருத்தெலும்பை அரிக்கும். இதில் யார் முதல் குற்றவாளி என்று தேடுவதே வீண் என்பேன்.

ஆனால் இந்தச் செல்கள் ரசாயனங்களால் பேசிக்கொள்ளும் பேச்சை நடுவில் வெட்டலாம். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளிகளின் மூட்டுச் செல்களை வளர்த்து டிஎன்எஃப்பை மட்டும் மறித்தபோது, ஐஎல்-1 என்ற இன்னொரு ரசாயனமும் சேர்ந்து குறைந்தது. 1992-ல் நோயாளிகளுக்கே டிஎன்எஃப்பை மறிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. இன்றைக்கு அந்த வகை ஊசி போடுவதற்கு முன் டிபி பரிசோதனை கேட்பார்கள். உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி இதே செல்கள் வேலி கட்டி வைத்திருப்பதும் டிஎன்எஃப் பலத்தில்தான்.

உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட அம்மாவுக்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவு. இருந்தாலும் பக்கவிளைவைக் கவனிக்கத்தான் ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனையை அவ்வப்போது எடுக்கச் சொல்கிறார்கள். காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, வறட்டு இருமலோ வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பதையும் அவரே முடிவு செய்யட்டும், பல மாதம் நோய் அடங்கியிருந்தால் அதற்கு வழி உண்டு. மாத்திரை அட்டையில் கிழமையைப் பேனாவால் எழுதி வையுங்கள்: வாரத்துக்கு ஒருநாள் என்பதைத் தினமும் என்று நினைத்துப் போட்டு, ரத்த அணுக்கள் சரிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு.